தறித் தெருவில் ஒரு விமான ஓட்டி: மூன்று கோளாறுகளும் ஒரு கணக்கு நோட்டும்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி, அதைப் பதிவுசெய்து வீடியோ சேனலில் போடுகிற ஒருவரின் கம்ப்யூட்டர் படுத்திய பாடு இது. 2021 பிப்ரவரியில் தொடங்கி அந்த ஆண்டுக் கடைசி வரை மதுரை செல்லூரில் ஒரு வீட்டு மாடியில் நடந்தது. சேனல் நடத்துபவர் எனக்குத் தாய்மாமன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இந்தக் குறிப்பு முழுக்க மாமா என்றே எழுதுகிறேன். நான் விருதுநகரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். இந்தச் சம்பவத்தில் முதலில் தப்பான வைத்தியம் சொன்னதும் நான்தான்.

பின்னணி

மாமாவுக்கு அப்போது 51 வயது. துண்டு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். வாழ்க்கையில் விமானம் ஏறியது ஒரே ஒரு தடவை, மதுரையிலிருந்து சென்னைக்கு. 2020 ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது பிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரை இறக்கி ஓட்டிப் பார்த்தார். இரண்டே மாதத்தில் காசு கொடுத்து எக்ஸ்-பிளேன் 11 வாங்கிவிட்டார். செஸ்னா 172 என்ற சின்ன விமானம், போயிங் 737 என்ற பயணிகள் விமானம் இரண்டும் அதோடு வருபவை. ஓட்டும்போது தானாகப் பேசுகிற பழக்கம் அவருக்கு. அதை அப்படியே பதிவுசெய்து போட்டால் என்ன என்று மகன் கேட்க, சேனல் பிறந்தது.

அவர் வீடியோவில் விசேஷம் விமானம் ஓட்டும் திறமை இல்லை. பேச்சுதான். எக்ஸ்-பிளேன் 11-இல் மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை உண்டு, சுற்றி வீடுகள் உண்டு, மீனாட்சி கோயில் கிடையாது. 14 கோபுரங்களும் நிற்க வேண்டிய இடத்தில் ஏதோ பெட்டி பெட்டியாகக் கட்டடங்கள் நிற்கும். மேற்கு நோக்கி 27-ஆம் ஓடுபாதையில் கிளம்பி ஏறும்போது மாமா சொல்வார்: “இப்ப நமக்கு வலது பக்கம் தெற்குக் கோபுரம் தெரியணும். இதுல இல்ல. நீங்களா நினைச்சுக்கங்க.” அப்புறம் நாகமலை, சமணமலை என்று கை நீட்டிக் காட்டுகிற மாதிரி பேசிக்கொண்டே போவார். 2021 தொடக்கத்தில் சந்தாதாரர்கள் முந்நூற்றுச் சொச்சம். காசு எதுவும் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

கம்ப்யூட்டர், மகன் அனிமேஷன் படித்தபோது 2018-இல் அசெம்பிள் செய்தது. சிபியு, அதாவது கணக்குப் போடும் சிப், ஐ5 ஏழாம் தலைமுறை, நான்கு கோர்; 8 ஜிபி ரேம்; 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. மகன் வேலைக்கு ஓசூர் போனதும் பெட்டி மாடியிலேயே தங்கிவிட்டது. மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தெருவில் வரிசையாக விசைத்தறி ஓடும் வீடுகள். இந்த இரண்டையும் நான் முதலில் விவரமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஊரில் எல்லார் வீடும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

முதலில் தெரிந்தவை

பிப்ரவரி கடைசியில் போன் வந்தது. “மாப்ளே, பிளேன் இழுக்குதுடா.”

அவர் சொன்னதை எல்லாம் சேர்த்தால் நான்கு தொல்லைகள். பறக்க ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. சில நாள் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து தானாக மறுபடி எழுகிறது. அப்படி அணைந்தால் அதுவரை பதிவான வீடியோ திறப்பதே இல்லை. 6 ஜிபி கோப்பு இருக்கிறது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. போயிங்கில் சென்னையை நெருங்கினால் எக்ஸ்-பிளேன் மட்டும் மூடிக்கொள்கிறது. இடையில் ஜாய்ஸ்டிக் வேறு ‘டிங் டாங்’ என்று துண்டித்துத் துண்டித்து ஒட்டுகிறது.

அவருக்கு இது எல்லாம் ஒரே நோய். “பெட்டி பழசாப் போச்சு.” எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. பல அறிகுறி இருந்தாலும் காரணம் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பது லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் சோம்பல். அறுபது கம்ப்யூட்டரைப் பார்க்கிறவனுக்கு ஒன்றோடு உட்கார்ந்து கதை கேட்க நேரம் இருக்காது.

முதல் முடிவுகளும் அவற்றின் பலனும்

மார்ச்சில் ரேமை 16 ஜிபி ஆக்கச் சொன்னேன். காரணம், எக்ஸ்-பிளேன் மூடிக்கொள்வதை மட்டும் பார்த்தேன். 8 ஜிபியில் சிமுலேட்டரும் ரெக்கார்டரும் சேர்ந்து ஓடுவது நெருக்கடிதான். பக்கத்துக் கடையில் ரேம் போட்டு, கையோடு ‘சர்வீஸ்’ என்று சிபியுவைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார்கள். சென்னைப் பக்கம் மூடிக்கொள்வது நின்றது. மற்ற மூன்றும் நிற்கவில்லை, சொல்லப்போனால் இழுவை அதிகமானது.

ஏப்ரலில் இரண்டு தடவை விண்டோஸ் அழித்துப் போட்டார். மூன்று ஞாயிறு வீண். அடுத்தது, சீட்டு எடுத்துப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டார். 2021-இல் கார்டு விலை என்ன நிலையில் இருந்தது என்று அப்போது வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ மைனிங்காரர்கள் மொத்தமாக அள்ளியது இன்னொரு பக்கம். பழைய கார்டே முன்பு புதிதாக விற்ற விலைக்கு மேல் போனது. நான் தடுத்தேன். தடுக்க எனக்கு இருந்த ஒரே காரணம் விலைதான், கார்டில் கோளாறு இல்லை என்று தெரிந்து இல்லை.

இந்தக் கட்டத்தில் எடுத்த ஒரே உருப்படியான முடிவு, அவர் தொழிலில் இருந்தே வந்தது. “என்னைக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இல்லடா” என்று அவர் சொன்னபோது, கடைக் கணக்கு மாதிரி நோட்டுப் போட்டு எழுதுங்கள் மாமா என்றேன். ஏப்ரல் 25-இலிருந்து எழுதினார்.

கணக்கு நோட்டு

கணக்கு எழுதுகிறவர் நோட்டுப் போட்டால் அது தனி அழகு. நீள நோட்டு, சிவப்பு மையில் கோடு, பத்தி பத்தியாக: தேதி, ஆரம்பித்த நேரம், எங்கிருந்து எங்கே, நின்ற நேரம், என்ன ஆச்சு, குறிப்பு. குறிப்பில் எதை வேண்டுமானாலும் எழுதச் சொல்லியிருந்தேன். ‘வெளியே பேய் வெயில்’, ‘உமா டீச்சர் வீட்டில் வெல்டிங்’, ‘அத்தைக்கு கோபம்’ வரை எல்லாம் இருந்தது.

மே முதல் வாரம் போனில் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டியபோது ஒரு விஷயம் உறுத்தியது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு, அதாவது வாகைகுளத்துக்கு, செஸ்னாவில் போனார். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகக் கிட்டத்தட்ட நேர் தெற்கு. சுமார் 67 கடல் மைல். 110 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 110 கடல் மைலில், 37, 38 நிமிடத்தில் இறங்கிவிடலாம். நோட்டில் 52 நிமிடம் என்று இருந்தது. காற்று வைத்து ஓட்டினீர்களா என்றேன். இல்லை என்றார். காக்பிட் கடிகாரத்தில் எவ்வளவு ஓடியது என்று பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் மறுபடி பறந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் 52, காக்பிட்டில் 38.

எக்ஸ்-பிளேனில் ஒரு பழக்கம் உண்டு. திரையில் விநாடிக்குச் சுமார் 19, 20 பிரேமுக்கு, அதாவது படத்துக்கு, கீழே போனால், பறக்கும் கணக்கு கெட்டுப்போகாமல் இருக்க அது காலத்தையே மெதுவாக்கிவிடும். விமானம் தன் கணக்குப்படி 110 நாட்டில்தான் பறக்கிறது. அதனுடைய ஒரு நிமிடம் நம்முடைய ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல். 38-ஐ 52-ஆல் வகுத்தால் 0.73 வரும், 19-ஐ அதால் பெருக்கினால் பிரேம் சராசரியாக 14 பக்கம். அவர் ஒரு மீட்டரும் வைக்காமல், சுவர்க் கடிகாரத்தை வைத்தே பிரேம் கணக்கைச் சொல்லிவிட்டார். இதே பாதையில் ஜனவரியில் எடுத்த பழைய வீடியோ 39 நிமிடம்தான். அப்படியானால் அதே பெட்டி அப்போது இதைச் செய்திருக்கிறது. நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. கார்டு போதவில்லை என்ற வாதம் அங்கேயே விழுந்தது.

தறிகள் நின்ற வாரம்

அணைந்து எழுவதற்கு மாமா வைத்திருந்த குற்றவாளி, எதிர்வீட்டு விசைத்தறி. மோட்டார்கள் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் விழுகிறது, அதனால் பெட்டி அணைகிறது என்பது அவர் கட்சி. நியாயமான சந்தேகம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கெர்னல்-பவர் 41 என்று இருந்தது. அது முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது.

மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 24-இலிருந்து தளர்வே இல்லாத ஊரடங்கு. அந்த வாரம் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. செல்லூரில் அப்படியொரு அமைதியைக் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து கேட்டதில்லை என்று அத்தை சொன்னார். அந்த வாரத்தில் நோட்டில் மூன்று தடவை பெட்டி அணைந்திருக்கிறது.

மூன்றின் நேரம்: 6.20, 6.35, 6.25. எல்லாம் சாயந்தரம். முந்தைய பக்கங்களைப் புரட்டினால் அணைந்தவற்றில் இரண்டு தவிர மற்றது எல்லாம் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டேன். மாமாவுக்குத் தெரியவில்லை. போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன்.

“அப்பத்தான் மோட்டார் போடுவேன். டேங்க் ரொம்பணும்ல?”

போர்வெல்லில் 1 எச்பி சிங்கிள் பேஸ் நீர்மூழ்கி மோட்டார். அந்த மாதிரி மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட்டைக் கிளம்பும் அந்தக் கணத்தில் இழுக்கும். மெல்லிய, பழைய வயரிங் உள்ள வீட்டில் அந்த அரை விநாடி லைட் மங்கும். அதற்குத்தானே யுபிஎஸ்? அவர் வீட்டிலும் 600 விஏ யுபிஎஸ் இருந்தது, பச்சை லைட்டும் எரிந்தது. ஒன்றும் ஓடாத நேரத்தில் யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். பிடுங்கிய நொடியில் பெட்டி செத்தது. பச்சை லைட்டுக்கு அர்த்தம் மெயின் கரன்ட் வருகிறது என்பது மட்டும்தான். பேட்டரி நலமாக இருக்கிறது என்பது இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் அத்தை, “தண்ணி வேணுமா, ஏரோப்ளேன் வேணுமா, ஒண்ணு சொல்லச் சொல்லு” என்றது போனில் கேட்டது.

மாடி அறையில் ஒரு ஞாயிறு

ஊரடங்கு தளர்ந்து ஜூலையில்தான் நேரில் போக முடிந்தது. மாலை ஐந்தரைக்குப் போனேன். வழக்கம்போல ரெக்கார்டிங் பண்ணுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

அவர் செய்த முதல் வேலை, ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தி, கீழே இடுக்கில் ஒரு துண்டை மடித்து வைத்தார். பிறகு பேனை நிறுத்தினார்.

“எதுக்கு மாமா?”

“தறிச் சத்தம் ‘கட்டக் கட்டக்’னு உள்ள வருதுடா. பேன் காத்து மைக்கில அடிக்குது. ஆடியோ நல்லாயில்லைன்னு பார்க்கிறவங்க சொன்னாங்கன்னு பிப்ரவரியிலிருந்து இப்படித்தான்.”

பிப்ரவரியிலிருந்து. ஐந்து மாதம் போனில் பேசியதில் இது ஒரு தடவைகூட வரவில்லை, நோட்டிலும் இல்லை. அவருக்கு இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. சமையலறைத் தெர்மாமீட்டரை மேஜை மேல் வைத்தேன். பகல் முழுக்க வெந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பேன் இல்லாமல், கதவு சாத்திய அறையில் பதினைந்து நிமிடத்தில் 41 டிகிரி. வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்போ மென்பொருளில் சிபியு வெப்பம் 100-ஐத் தொட்டு நின்றது. 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது 1.3-க்கு இறங்கியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப் செய்கிற வேலை அது. வீடியோவின் தரத்தைக் கூட்ட அவர் செய்த காரியம்தான் வீடியோவை இழுக்க வைத்திருக்கிறது.

ஆனால் பேனைப் போட்டு ஜன்னலைத் திறந்தும் 93-க்குக் கீழே வரவில்லை. பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்த் திறந்தோம்.

நான் லேபில் பார்க்கிற தூசி சாம்பல் நிறத்தில் பொடியாக இருக்கும், ஊதினால் பறக்கும். இது வேறு. கூலரின் அலுமினியத் தகடுகளுக்கும் பேனுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், பழைய தலையணையில் பஞ்சு இறுகிப்போன மாதிரி. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழு வட்டமும் ஒரே தோசையாக உரிந்து வந்தது. உள்ளே நீலமும் சிவப்புமாக நூல் இழைகள். தெருவில் பறக்கிற தறிப் பஞ்சை நான்கு மாதமாக அந்தப் பேன் இழுத்து இழுத்து நெய்து வைத்திருக்கிறது. மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “இது நம்ம கடைச் சரக்குதான்” என்றார்.

இன்னொன்றும் கிடைத்தது. அந்தக் கூலர் நான்கு பிளாஸ்டிக் பின்களைக் கொண்டு மதர்போர்டில் மாட்டப்படுவது. ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று பூட்ட வேண்டும். மூன்றுதான் பூட்டியிருந்தது, நான்காவது பார்வைக்கு உள்ளே இருந்தது, விரலால் தொட்டால் ஆடியது. மார்ச்சில் ‘சர்வீஸ்’ செய்தபோது விட்டுப்போனதாக இருக்க வேண்டும். ரேம் போட்ட பிறகு இழுவை அதிகமானதற்குக் கணக்கு ஒத்துவருகிறது. அனுப்பி வைத்தவன் நான்.

பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவி, நான்கு பின்னையும் சத்தம் கேட்கப் பூட்டினோம். அதே தூத்துக்குடிப் பாதை: பேன் ஓட, ஜன்னல் திறந்து சிபியு 78. பிரேம் 24. காக்பிட் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாக ஓடின.

அன்று மாலையே இன்னொரு மாற்றம். ரெக்கார்டிங் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் அவர் பதிவை எக்ஸ்264 முறையில், அதாவது சிபியுவை வைத்துச் சுருக்கிக்கொண்டிருந்தார். இருக்கிற நான்கு கோருக்கு சிமுலேட்டரும் ரெக்கார்டரும் சண்டை. அவர் கார்டில் அந்த வேலைக்கென்றே என்வெங்க் என்ற தனிப் பகுதி சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு மெனுவில் ஒரு வரியை மாற்றினோம். பிரேம் 30-ஐத் தாண்டியது. ஐந்து பைசா செலவில்லை. சீட்டு எடுத்து வாங்க இருந்த கார்டின் நியாயம் இதோடு முழுக்கப் போய்விட்டது.

யுபிஎஸ்ஸைத் திறந்தபோது உள்ளே இருந்த 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி வயிறு வீங்கி, வெளியே எடுக்கவே வரவில்லை. 2018-இல் வாங்கியது. ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் பத்துப் பத்து டிகிரிக்கு ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சிபியுவைச் சுட்ட அதே அறைதான் பேட்டரியையும் தின்றிருக்கிறது. ஆயிரத்துச் சொச்சத்தில் புதுசு போட்டோம். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட் பக்கம்தான் இழுக்கும் என்பதால் யுபிஎஸ்ஸை மாற்றத் தேவைப்படவில்லை.

எர்த்

ஜாய்ஸ்டிக் துண்டிப்பு மட்டும் மிச்சம். கூடவே நான் நேரில் கேட்டபோது இன்னொன்று தெரிந்தது: அவர் குரலுக்குப் பின்னால் எல்லா வீடியோவிலும் மெல்லிய ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்.

அன்று பெட்டியைத் தூக்கும்போது எனக்குக் கையில் சுர்ரென்றது. அலறிவிட்டேன். மாமா சாதாரணமாக, “அது அப்படித்தான், செருப்பு போட்டுக்க” என்றார். ஒரு வருடத்துக்கு மேலாக ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் விமானம் ஓட்டியிருக்கிறார். பழகிப்போன ஒன்றை மனிதர்கள் நோட்டில் எழுதுவதில்லை.

டெஸ்டரை கேபினெட் ஸ்க்ரூவில் வைத்தால் நியான் எரிந்தது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கபாசிட்டர்கள் பெட்டியின் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் இரும்பு உடம்பு மெயினில் பாதி, 115 வோல்ட் பக்கம், மிதந்துகொண்டிருக்கும். கரன்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. மாடிக்கு மூன்று துளை பிளக் இருந்தது உண்மை. கீழிருந்து ஏறிய வயர் இரண்டுதான். எர்த் துளை வெறும் துளை.

எலக்ட்ரீசியனை வைத்து மூன்றாவது வயர் இழுத்தோம். கீழே எர்த் குழி காய்ந்து கட்டாந்தரையாக இருந்ததால் உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றச் சொன்னார். கோடையில் வாரம் இரண்டு குடம் ஊற்றுவது இப்போது மாமாவின் வேலை. சுர் நின்றது, முனகல் நின்றது, ஜாய்ஸ்டிக்கும் துண்டிக்கவில்லை. ஆனால் அதே நாளில் ஜாய்ஸ்டிக்குக்குப் போட்டிருந்த மூன்று மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரையும் எடுத்துவிட்டேன். அவசரத்தில் இரண்டை ஒன்றாக மாற்றியதால், ஜாய்ஸ்டிக்கைக் குணப்படுத்தியது எது என்று உறுதியாகச் சொல்லும் உரிமையை இழந்துவிட்டேன்.

எடுக்கும் முறையில் செய்த மாற்றங்கள்

பெட்டி சரியானாலும் கூரை கூரைதான், தறி தறிதான். கீழே ஹாலுக்கு இறக்கலாம் என்பது என் யோசனை. மகள் பிளஸ் டூ, ஆன்லைன் வகுப்பு ஹாலில். அத்தை ஒரே வார்த்தையில் மறுத்தார். நியாயம்தான்.

அதனால் நேரத்தை மாற்றினார். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்குப் பறப்பது. அறை 29 டிகிரி, தறி இன்னும் ஓடாது, மோட்டார் போடும் நேரமும் இல்லை. பேனை நிறுத்தினாலும் சிபியு 80-ஐத் தாண்டவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடும், அந்த மாதம் மட்டும் என்ன செய்வது என்று கேட்டார். பாட்டு பதிவாகிவிட்டால் காப்புரிமைத் தொல்லை வேறு வரும். ஆடியில் லீவு விடுங்கள் என்றேன். விட்டார்.

பதிவுக் கோப்பை எம்பி4-இலிருந்து எம்கேவிக்கு மாற்றினோம். எம்பி4 கோப்பு தன் உள்ளடக்கப் பட்டியலைப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கும். நடுவில் கரன்ட் போனால் உள்ளே படம் இருந்தும் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. எம்கேவி, அணைந்த இடம் வரை ஓடும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

குரலைப் பிறகு டப்பிங் பண்ணலாம் என்று ஒரு வாரம் முயன்றோம். சரிப்படவில்லை. இறங்கி முடித்த விமானத்துக்குக் குரல் கொடுக்கும்போது அவர் செய்தி வாசிப்பவர் மாதிரி ஆகிவிட்டார். கோபுரம் எங்கே என்ற தேடல் போய்விட்டது. கடைசியில் பறக்கும்போதே பேசி, அதைச் சட்டைப் பையில் உள்ள போனிலும் பதிவது என்று முடிவானது. ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, பிறகு இரண்டையும் அதை வைத்துச் சேர்ப்பது. கம்ப்யூட்டர் செத்தாலும் குரல் பிழைக்கும்.

அப்புறம் நடந்தது

நோட்டின்படி ஏப்ரல் 25 முதல் ஜூலை வரை 23 தடவை உட்கார்ந்து, முழுதாக முடிந்தது 9. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 17-இல் 15. தவறிய இரண்டில் ஒன்று கரன்ட் இல்லாமல் யுபிஎஸ் தாங்கும் பதினைந்து நிமிடத்தையும் தாண்டிப் போனது; அதிலும் அணைந்த இடம் வரை படம் கிடைத்தது, கரூருக்கு மேலே பாதியில் முடிகிற வீடியோவாகவே போட்டார். இன்னொன்று டிஸ்க் நிரம்பியது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

பஞ்சு திரும்பி வந்தது. இரண்டே மாதத்தில் சிபியு 78-இலிருந்து 87. பேனுக்கு முன்னால் பழைய கொசுவலையை வெட்டி ஒட்டினோம், அமாவாசைக்கு அமாவாசை அதைக் கழற்றித் தட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டார். தேதி ஞாபகம் இருக்காது, அமாவாசை ஞாபகம் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

மொத்தச் செலவில் பெரியது ரேம். அது வீண் இல்லை. சென்னைப் பக்கம் மூடிக்கொள்வதை அதுதான் தீர்த்தது. ஆனால் மற்ற மூன்றுக்கும் அது மருந்து என்று நான் சொன்னது தப்பு. சந்தாதாரர்கள் மெதுவாகத்தான் கூடினார்கள், ஆயிரத்தை இன்னும் தொடவில்லை. 2022 டிசம்பரில் எக்ஸ்-பிளேன் 12 வந்தபோது இந்தப் பெட்டிக்கு அது கனம் என்று 11-லேயே இருந்துவிட்டார்.

மறுபடி நடந்தால்

முதல் போனிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, “பெட்டி என்ன மாடல்?” இல்லை. “ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் அறையில் என்ன மாற்றினீர்கள்?” அதைவிட, ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் முந்தைய பத்து நிமிடத்தை வீடியோ காலில் சும்மா பார்த்திருந்தாலே போதும். ஜன்னலும் துண்டும் பேனும் அப்போதே கண்ணில் பட்டிருக்கும், மூன்று ஞாயிறும் ஐந்து மாதமும் மிஞ்சியிருக்கும்.

ரேம் போடக் கடைக்கு அனுப்பும் முன் சிபியு வெப்பத்தை ஒரு தடவை எழுதி வைத்திருந்தால், திரும்பி வந்ததும் கூலர் சரியாக உட்காரவில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும். விண்டோஸ் அழித்துப் போடுவதற்கு முன்னால் எக்ஸ்-பிளேன் ஓடும்போது நடந்ததை எழுதி வைக்கும் லாக் கோப்பை எடுத்து வைக்கச் சொல்லியிருப்பேன். அடுத்த தடவை திறந்ததும் அது பழையதை அழித்துப் புதிதாக எழுதிவிடும் என்பதால், மூடிக்கொண்ட உடனே நகல் எடுத்தால்தான் உண்டு. யுபிஎஸ்ஸில் பேட்டரி மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதிவிட்டோம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிறார். எர்த் வேலையையும் யுஎஸ்பி வயரையும் வேறு வேறு வாரத்தில் செய்திருப்பேன்.

நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. ‘காலில் செருப்பு உண்டா’ என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது. அது கேலிக்கு அவர் மகள் சேர்த்தது, ஆனால் மாமா தவறாமல் நிரப்புகிறார். போன தடவை போனபோது கடைசியாக இருந்த வரி: காலை 5.10. மதுரை – கொழும்பு, போயிங். அறை 28, சிபியு 71. செருப்பு இல்லை. தடங்கல் இல்லை. இறக்கம் சுமார்.